சிரிஞ்சு லேபிள்: சின்ன ஓ.டி.யில் (அறுவை அரங்கில்) எதை எழுதுவது, எங்கே ஒட்டுவது, எப்போது ஒட்டுவது?

குடியாத்தம் ஓ.டி. சிஸ்டர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் 30 படுக்கை நர்சிங் ஹோம். ஒரு ஓ.டி., ஒரு லேபர் ரூம், நாலு படுக்கை ஐ.சி.யூ. நிரந்தர மயக்க டாக்டர் கிடையாது. வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் கேஸுக்கு ஒருத்தர் வருகிறார். இப்போதைய பழக்கம் இது: மருந்தை உறிஞ்சியதும் மைக்ரோபோரைக் (காகிதப் பிளாஸ்திரி) கிழித்துச் சிரிஞ்சில் சுற்றி, பால்பாயின்ட் பேனாவில் மருந்தின் முதல் எழுத்தை மட்டும் எழுதுவது. சிலர் காலி ஆம்பூலையே (மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைத் தர அங்கீகார வாரியம்) நுழைவு நிலைச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். இதை ஒழுங்குபடுத்தும் வேலையை நிர்வாகம் என்னிடம் விட்டிருக்கிறது.

நிற லேபிள் அவசியமா, எந்த மருந்துக்கு எந்த நிறம்? காலையில் ஆபரேஷன் லிஸ்ட் தொடங்கும் முன்பே காலி சிரிஞ்சுகளில் லேபிள் ஒட்டி அடுக்கி வைத்துக்கொண்டால் வேலை சுலபமாகும் என்று ஸ்டாஃப் சொல்கிறார்கள், அது சரியா? சிசேரியன் டிரேயில் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து) ஆம்பூலும் முதுகு ஊசி மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி. என்ன செய்யலாம்? லேபிளை வெளியில் வாங்காமல் நாமே அச்சடிக்க முடியுமா?


காட்பாடி மயக்க மருத்துவர்

சிஸ்டர், முதல் எழுத்து எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். 'எம்' என்றால் மிடசோலாம், மார்ஃபின், மெஃபென்டெர்மின், மெட்டோகுளோப்ரமைடு நாலில் எது? 'ஏ' இன்னும் மோசம்: அட்ரோபின், அட்ரினலின், அட்ராகூரியம். அட்ரோபினும் அட்ரினலினும் 1 மி.லி. ஆம்பூல், தண்ணீர் போன்ற திரவம், இரண்டும் 2 மி.லி. சிரிஞ்சுக்குத்தான் போகும். நாடித் துடிப்பு குறைந்தவருக்கு அட்ரோபின் 0.6 மி.கி. என்று நினைத்து நீர்க்காத அட்ரினலினை ஐ.வி.யில் (ரத்த நாளத்தில்) தள்ளினால் ரத்த அழுத்தம் எகிறி, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். முழுப் பெயர்தான், அதுவும் மருந்தின் பொதுப் பெயர். பிராண்டு பெயர் வேண்டாம். இன்று ஒரு கம்பெனி, நாளை வேறு கம்பெனி.

பெயருக்கு அடுத்தது செறிவு. இங்கேதான் வெளியிலிருந்து வரும் டாக்டர்களால் உங்களுக்குச் சிக்கல். மெஃபென்டெர்மினை ஒருவர் மி.லி.க்கு 3 மி.கி. ஆகவும் இன்னொருவர் 6 மி.கி. ஆகவும் நீர்ப்பார். ஃபினைல்எஃப்ரின் ஆம்பூல் மி.லி.க்கு 10 மி.கி.; நாம் கொடுப்பதோ மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், அதாவது 1 மி.லி.யை 100 மி.லி. சலைனில் கலந்தது. நீர்க்காததை நீர்த்தது என்று எடுத்தால் நூறு மடங்கு. அட்ரினலினில் 1 மி.கி.யை 10 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், அதில் 1 மி.லி. எடுத்து மறுபடி 10 மி.லி. ஆக்கினால் 10 மைக்ரோகிராம். இரண்டு சிரிஞ்சும் ஒரே மேசையில் ஒரே நிறத்தில் கிடக்கும். எனவே உங்கள் ஓ.டி.க்கு என்று ஒரு நீர்ப்புப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள், வருகிற டாக்டர்கள் அதற்குள் வரட்டும். மறுப்பவர் தன் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும்.

'1:1000', '1:10000' என்று விகிதமாக லேபிளில் எழுத வேண்டாம். அவசரத்தில் சுழியம் எண்ணி யாரும் கணக்குப் போட முடியாது. அமெரிக்காவில் 2016-லேயே தனி அட்ரினலின் ஊசியின் லேபிளிலிருந்து இந்த விகிதத்தை எடுத்துவிட்டார்கள். மி.லி.க்கு எத்தனை மி.கி. அல்லது எத்தனை மைக்ரோகிராம் என்பதே போதும்.

நிறம் பற்றி: ஐ.எஸ்.ஓ. 26825 என்ற தரம் 2008-ல் வந்தது, 2020-ல் திருத்தினார்கள். மயக்க மருந்துகளை ஏற்றிய சிரிஞ்சில் நாம் ஒட்டும் லேபிளுக்கானது அது. தூக்க மருந்துகள் (ப்ரொபொஃபால், தயோபென்டோன், கெட்டமின்) மஞ்சள். மிடசோலாம் வகை ஆரஞ்சு. தசை தளர்த்திகள் பளிச்சென்ற சிவப்பு. அவற்றின் விளைவை நீக்கும் நியோஸ்டிக்மின் அதே சிவப்பில் வெள்ளைச் சாய்கோடு. ஃபென்டனில், மார்ஃபின் நீலம்; அவற்றின் விளைவை நீக்கும் நலோக்சோன் நீலத்தில் வெள்ளைச் சாய்கோடு. ரத்த அழுத்தம் ஏற்றுபவை ஊதா, இறக்குபவை ஊதாவில் சாய்கோடு. மரப்பு மருந்துகள் சாம்பல். அட்ரோபின், கிளைகோபைரோலேட் பச்சை. ஆன்டன்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்புகள் சால்மன் நிறம். மற்றவை வெள்ளை. சக்சினில்கோலினுக்கும் (தசை தளர்த்தி) அட்ரினலினுக்கும் மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக, மேல்பகுதியில் கறுப்புப் பட்டை போட்டு, பெயரை அந்தந்த நிறத்திலேயே அதன்மேல் எழுதுவார்கள்.

நிறம் வகையைத்தான் சொல்லும், மருந்தைச் சொல்லாது. அதன் பயன், ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகை போவதைத் தடுப்பது. வாந்திக்கு என்று கொடுத்தது தசை தளர்த்தியாக இருந்தால் விழித்திருக்கும் நோயாளி மூச்சு விட முடியாமல் கிடப்பார். ஃபென்டனிலுக்குப் பதில் மார்ஃபின் போனால் அந்த அளவுக்கு விபரீதம் இல்லை. ஆனால் ஊதாவுக்குள் நீர்த்த ஃபினைல்எஃப்ரினும் இருக்கிறது, நீர்க்காத அட்ரினலினும் இருக்கிறது. நிறம் பார்த்துக் கையை நீட்டுகிறவர் எழுத்தைப் படிக்காவிட்டால் இந்த ஏற்பாடே வீண். இன்னொன்று, கம்பெனி ஆம்பூலின் மூடி நிறத்துக்கும் பட்டை நிறத்துக்கும் இந்தத் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆம்பூலை நிறத்தால் அடையாளம் காணும் பழக்கம் ஸ்டாஃபுக்கு வரவே கூடாது.

ஒட்டும் இடம்: சிரிஞ்சின் நீளவாட்டில், அளவுக் கோடுகளுக்கு இணையாக. லேபிளின் ஓரம் கோட்டைத் தொடலாம், மறைக்கக் கூடாது. மைக்ரோபோரைச் சுற்றினால் கோடு மறைகிறது, எத்தனை மி.லி. போயிற்று என்று தெரியாமல் குத்துமதிப்பாகத் தள்ளுவோம். 1 மி.லி. சிரிஞ்சில் இடம் போதாது; அங்கே லேபிளின் ஒரு முனையை மட்டும் ஒட்டி மறுமுனையைக் கொடி போல நீட்டி விடுங்கள். சிரிஞ்சு பம்ப்பில் வைப்பதென்றால், மாட்டிய பிறகும் பெயர் முன்பக்கம் தெரிகிறதா என்று பார்த்து ஒட்டுங்கள். பம்ப்பின் பிடி பல நேரம் சரியாகப் பெயரின் மேலேயே வந்து உட்காரும்.

ஆம்பூலைச் சிரிஞ்சோடு கட்டுவது வேண்டாம். உடைந்த கண்ணாடி முனை கையைக் கிழிக்கும், கோட்டை மறைக்கும். அதைவிட, பக்கத்தில் கிடந்த வேறு ஆம்பூலைக் கட்டிவிட்டால் தவறான லேபிளை ஒட்டியதற்குச் சமம். காலி ஆம்பூல்களைத் தனியாக ஒரு கிட்னி டிரேயில் போட்டு, கேஸ் முடியும் வரை வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் எண்ணிப் பார்க்கலாம்.


ராணிப்பேட்டை நர்சிங் டியூட்டர்

டாக்டர் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிஸ்டரின் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலி சிரிஞ்சில் முன்கூட்டியே லேபிள் ஒட்டி அடுக்குவது கூடவே கூடாது.

ஏன் என்று ஸ்டாஃபுக்கு விளக்கினால்தான் நிற்கும். அட்ரோபின் லேபிள் ஒட்டிய காலி சிரிஞ்சு டிரேயில் இருக்கிறது. இன்னொருவர் அவசரத்துக்கு அதை எடுத்துக் கையில் கிடைத்த ஆம்பூலை உறிஞ்சினால், தவறான மருந்துக்கு அழகான, அச்சிட்ட, நம்பத் தகுந்த லேபிள் கிடைத்துவிடுகிறது. லேபிளே இல்லாத சிரிஞ்சையாவது யாராவது சந்தேகப்படுவார்கள். தவறான லேபிளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உறிஞ்சுவதும் ஒட்டுவதும் ஒரே ஆள், ஒரே இடம், ஒரே மூச்சில் செய்யும் ஒரே வேலை. ஆம்பூலை எடுக்கும்போது பெயர், செறிவு, காலாவதி மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். உறிஞ்சும் முன் மறுபடி படியுங்கள். உறிஞ்சியதும் சிரிஞ்சைக் கீழே வைக்காமலே லேபிளை ஒட்டுங்கள். ஒட்டிய லேபிளையும் ஆம்பூலையும் பக்கத்தில் பிடித்து மூன்றாம் முறை ஒப்பிட்டுவிட்டு ஆம்பூலைப் போடுங்கள். அது முடிந்தபின்தான் அடுத்த ஆம்பூலைத் தொட வேண்டும். என்.ஏ.பி.ஹெச். கேட்பதும் இதையேதான்: முதல் மருந்துக்கு லேபிள் ஒட்டாமல் இரண்டாவது மருந்தைத் தயாரிக்கக் கூடாது. ஐந்து சிரிஞ்சில் வரிசையாக உறிஞ்சி வைத்துவிட்டுக் கடைசியில் வரிசையாக ஒட்டுவது பார்க்க வேகமாக இருக்கும், ஆனால் நடுவில் ஒரு போன் வந்தால் போதும்.

ஏற்றியவர் கையிலிருந்து உடனே நோயாளிக்குப் போகிறது, நடுவில் கீழேயே வைக்கவில்லை என்றால் லேபிள் இல்லாமல் கொடுக்கலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட விலக்கு. நடைமுறையில் அந்த விலக்கே விதியாகிவிடும். சின்ன மருத்துவமனையில் விலக்கு வைக்காமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

லேபிள் இல்லாத சிரிஞ்சைக் கண்டால் யாருடையது என்று கேட்காதீர்கள், ஊற்றி விடுங்கள். "நான்தான் வைத்தேன், சலைன்தான்" என்று சொன்னாலும் ஊற்றுங்கள். விலை உயர்ந்த மருந்தாக இருக்கலாம், இருக்கட்டும். 10 மி.லி. சலைன் ஃப்ளஷுக்கும் (ஐ.வி. குழாயைக் கழுவ ஏற்றுவது) லேபிள் வேண்டும் என்பதை வார்டில் யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'லேபிள் இல்லாத தெளிந்த திரவம் என்றால் சலைன்' என்ற நினைப்பு வந்துவிட்ட இடத்தில்தான் பொட்டாசியமும் தசை தளர்த்தியான வெக்யூரோனியமும் சலைனாகப் போகும். வெள்ளையாக இருப்பதால் ப்ரொபொஃபாலுக்கு லேபிள் வேண்டாம் என்பதும் அதே ரகம். கொழுப்புக் குழம்பில் வரும் எட்டோமிடேட்டும் வெள்ளைதான். தவிர, ப்ரொபொஃபாலில் கிருமி வேகமாகப் பெருகும். சிரிஞ்சில் ஏற்றிய நேரத்தை எழுதி 6 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும்.

வார்டில் இன்னொரு பழக்கம். ஆன்டிபயாடிக் டெஸ்ட் டோஸுக்கு நீர்த்த செஃப்ட்ரியாக்சோனை 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து லேபிள் இல்லாமல் டிரேயில் போட்டு வைப்பார்கள். அதே டிரேயில் மதிய இன்சுலினும் அதே மாதிரிச் சிரிஞ்சில் கிடக்கும். ஓ.டி.யை மட்டும் ஒழுங்குபடுத்தி வார்டை விட்டுவிடாதீர்கள்.


வாலாஜா மருந்தாளுநர்

ட்ரானெக்ஸாமிக் ஆசிட் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. இந்தத் திரியிலேயே ஆபத்தான விஷயம் அதுதான்.

பிரசவ ரத்தப்போக்குக்கு 1 கிராம் ஐ.வி. என்ற பரிந்துரை வந்தபின் அது எல்லா சிசேரியன் ஓ.டி.க்கும் வந்துவிட்டது. 5 மி.லி. ஆம்பூல், 500 மி.கி. முதுகு ஊசிக்கான ஹெவி புபிவக்கெய்ன் 0.5 சதவீதம் 4 மி.லி. ஆம்பூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே தெளிவு. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் கால் மரப்பதற்குப் பதில் முதுகிலும் பிட்டத்திலும் கடும் வலி, பிறகு கட்டுக்கடங்காத வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. இப்படிப் பதிவானவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தனி எச்சரிக்கை விட்டது.

லேபிள் மட்டும் இதைத் தடுக்காது, ஏனென்றால் தவறு ஆம்பூலை எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகிறது. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மயக்க மருந்து டிராலியிலேயே இருக்கக் கூடாது. ஓ.டி.யின் வேறு மூலையில், ரத்தப்போக்குப் பெட்டியில் ஆக்ஸிடோசினோடு வையுங்கள். பெட்டிமேல் 'ஐ.வி. மட்டும், முதுகில் போடக் கூடாது' என்று சிவப்பில் எழுதுங்கள். ஆம்பூல்களைத் தலை மட்டும் தெரிகிற மாதிரி நிமிர்த்தி அடுக்காமல், பெயர் மேலே தெரியும்படி படுக்க வையுங்கள். முதுகு ஊசி மருந்தை ஸ்டெரைல் ஆளுக்கு எடுத்துக் கொடுக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் ஆம்பூலைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் படித்து மற்றவர் தலையாட்டுவது சோதனை இல்லை.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீதம், 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்குவலன்ட் இருக்கிறது. ஊசிக்கான நீரும் 10 மி.லி. ஆம்பூலில்தான் வருகிறது. பொதுவார்டு அலமாரியில் பொட்டாசியம் இருக்கவே கூடாது. ஐ.சி.யூ.வில் பூட்டிய பெட்டியில் 'நீர்க்காமல் போடாதே' என்ற ஸ்டிக்கரோடு இருக்கட்டும். பாட்டிலில் சேர்க்கும்போது, ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலுக்குள் குத்தாதீர்கள். பொட்டாசியக் கரைசல் கனமானது, அடியில் தேங்கி, முதலில் இறங்கும் திரவமே அடர்த்தியாகப் போகும். கீழே இறக்கி, சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகத் திருப்பி, லேபிள் ஒட்டி, பிறகு மாட்டுங்கள். லேபிளில் நோயாளி பெயர், ஐ.பி. எண், சேர்த்த மருந்து, அதன் அளவு, மொத்த மி.லி., கலந்த தேதி, நேரம், கலந்தவர், சரிபார்த்தவர் வேண்டும். பாட்டிலின் சொந்தப் பெயரும் பேட்ச் எண்ணும் மறையக் கூடாது. பிளாஸ்டிக் பையின்மேல் நேரடியாக மார்க்கரில் எழுதுவதைத் தவிருங்கள், மை பிளாஸ்டிக்குக்குள் இறங்கக்கூடும். ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

ஹெப்பாரினில் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) இன்னொரு பொறி. 5 மி.லி. வையலில் மி.லி.க்கு 1000 யூனிட்டும் வருகிறது, 5000 யூனிட்டும் வருகிறது. இரண்டாவது வையலில் மொத்தம் 25000 யூனிட். வையலின் மேல் பெரிதாக இருக்கும் எண் மொத்தமா, மி.லி.க்கா என்று பார்க்காமல் எடுத்தால் ஐந்து மடங்கு போகும். இரண்டு செறிவையும் வாங்காதீர்கள், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் முறையில் சில கண்டிப்பு: யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள், ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால் கையெழுத்தில் சுழியமாகி 4 யூனிட் 40 ஆகும். 1 மி.கி. என்றால் 1 மட்டும். புள்ளியும் சுழியமும் சேர்த்து 1.0 என்று எழுதினால் புள்ளி அழிந்து 10. அரை மி.கி. என்றால் 0.5, முன் சுழியத்தை விடக் கூடாது. மைக்ரோகிராமுக்குக் கிரேக்க எழுத்து வேண்டாம், அது மி.கி. போலத் தெரியும். மருந்துப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது டோபமைன் – டோபுடமைன் போன்ற ஜோடிகளில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். இந்தப் பக்கம் ஸ்டாஃபில் தமிழ், தெலுங்கு, உருது பேசுபவர்கள் கலந்திருப்பதால் மருந்துப் பெயரை ஆங்கிலத்திலேயே வைப்பது நல்லது. எச்சரிக்கை வாசகத்தைத் தமிழில் போடுவதில் தடை இல்லை.

அச்சடிப்பது சுலபம். வேலூர் லாங் பஜாரில் ஏ4 ஸ்டிக்கர் தாள் கேளுங்கள். ஒரு தாளில் 65 கட்டம் உள்ளது கிடைக்கும், ஒவ்வொன்றும் சுமார் 38 மி.மீ.க்கு 21 மி.மீ. அதை நீளவாட்டில் பாதியாக வெட்டினால் சிரிஞ்சுக்குச் சரியான பட்டை, ஒரு தாளில் 130. லேசர் பிரின்டரில் அடியுங்கள். இங்க்ஜெட் மை ஸ்பிரிட் பட்டதும் வழியும். தெர்மல் பிரின்டர் லேபிள் வேலூர் வெயிலுக்கு ஆகாது, ஸ்டோர் ரூமிலேயே கறுத்துப் போகும். மருந்துப் பெயரையும் அலகையும் அச்சிட்டு, செறிவு எண், தேதி, நேரம், கையெழுத்து இவற்றுக்கு இடம் விடுங்கள். எழுத நுனி மெல்லிய பெர்மனென்ட் மார்க்கர். அச்சடித்ததும் ஆரஞ்சையும் சால்மனையும் ஓ.டி. விளக்கின் கீழ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரணப் பிரின்டரில் இரண்டும் ஒன்றாகிவிடும், மிடசோலாமும் ஆன்டன்செட்ரானும் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் அந்த இரண்டு நிறத்தை மட்டும் ரெடிமேட் ரோலாக வாங்குங்கள்.


ஆம்பூர் லேபர் வார்டு

லேபர் ரூமை யாரும் தொடவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மக்னீசியம் சல்ஃபேட் (கர்ப்பகால வலிப்புக்கான மருந்து) 2 மி.லி. ஆம்பூலில் 50 சதவீதமும் உண்டு, 25 சதவீதமும் உண்டு. 50 சதவீதம் என்றால் ஆம்பூலுக்கு 1 கிராம், 25 என்றால் அரை கிராம். ஐ.வி. 4 கிராமுக்கு 50 சதவீத ஆம்பூல் நாலு, அதாவது 8 மி.லி., அதோடு 12 மி.லி. ஊசிக்கான நீர் சேர்த்து 20 மி.லி., 20 சதவீதக் கரைசல். தசையில் (ஐ.எம்.) போடுவது ஒரு பக்கப் பிட்டத்துக்கு 5 கிராம், நீர்க்காத 10 மி.லி. இந்த மூன்று சிரிஞ்சும் ஒரே நேரத்தில் தயாராகும், மூன்றும் தண்ணீர் மாதிரி. நீர்க்காத 10 மி.லி. ஐ.வி.யில் வேகமாகப் போனால் மூச்சு நின்றுவிடும். எனவே லேபிளில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் வழியையும் பெரிதாக எழுதணும்: 'ஐ.வி. மெதுவாக', 'ஐ.எம். வலது', 'ஐ.எம். இடது'. அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி. ஆம்பூல் அதே டிரேயில் தனிப் பையில் இருக்கணும்.

ஆக்ஸிடோசின் பாட்டிலும் ஆபத்துதான். வலி வரவழைக்க 5 யூனிட் கலந்த 500 மி.லி. ஒன்று, குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்குக்கு 20 யூனிட் கலந்தது இன்னொன்று. லேபிள் இல்லாமல் ஷிஃப்ட் மாறினால் இரண்டும் ஒன்றே. பிறக்காத குழந்தை உள்ள தாய்க்கு இரண்டாவது ஏறினால் கர்ப்பப்பை இறுகி, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும், கர்ப்பப்பை கிழியவும் கூடும்.

அடுத்தது தாய் டிரே, குழந்தை டிரே. மெதர்ஜினும் (தாயின் ரத்தப்போக்குக்கு) வைட்டமின் கே-யும் (குழந்தைக்கு) சின்ன ஆம்பூல்கள், பிரசவம் நடந்த அதே நிமிடங்களில் இரண்டும் தேவைப்படும். பச்சிளங் குழந்தைக்கு வைட்டமின் கே-க்குப் பதில் மெதர்ஜின் போனால் மூச்சுத் திணறலும் வலிப்பும் வரும். இரண்டு ஆம்பூலும் ஒரே டிரேயில் இருக்கக் கூடாது. குழந்தையின் வார்மர் பக்கத்தில் வைட்டமின் கே மட்டும். மெதர்ஜின் ஃப்ரிட்ஜில், தாயின் பக்கம். உயர் ரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு மெதர்ஜின் கூடாது என்பதையும் அந்தப் பெட்டிமேலேயே எழுதிடுங்க.

ஃப்ரிட்ஜ் என்றதும் ஒன்று. சக்சினில்கோலின், அட்ராகூரியம், இன்சுலின், ஆக்ஸிடோசின், தடுப்பூசி எல்லாம் ஒரே ஃப்ரிட்ஜில் கலந்து கிடப்பது சின்ன மருத்துவமனைகளில் சகஜம். 2014-ல் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைக்கும் திரவத்துக்குப் பதில் அட்ராகூரியம் என்ற தசை தளர்த்தி போய் 15 குழந்தைகள் இறந்தார்கள். தசை தளர்த்திகளுக்கு மூடியுள்ள தனி டப்பா, மேலே 'மூச்சை நிறுத்தும் மருந்து' என்று தமிழில். தடுப்பூசிக்குத் தனி ஃப்ரிட்ஜ்.


குடியாத்தம் ஓ.டி. சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம். எமர்ஜென்சி டிரேயில் அட்ரினலினும் அட்ரோபினும் ஏற்றியே வைத்திருக்கிறோம், தினமும் காலையில் மாற்றுகிறோம். அதை நிறுத்தினால் அவசரத்தில் தாமதம் ஆகாதா? ஸ்டெரைல் டிராலியில் கிண்ணத்தில் ஊற்றி வைக்கும் மருந்துகளுக்கு எப்படி லேபிள் ஒட்டுவது? எங்களிடம் ஸ்டெரைல் லேபிள் கிடையாது.


காட்பாடி மயக்க மருத்துவர்

ஏற்றி வைப்பதை வார்டிலும் ஐ.சி.யூ.விலும் நிறுத்துங்கள். ஒரு ஜிப் பையில் ஆம்பூல், சிரிஞ்சு, ஊசி, 10 மி.லி. சலைன், அச்சிட்ட லேபிள் ஐந்தையும் போட்டு 'அட்ரினலின் பை' என்று எழுதி வையுங்கள். உடைத்து ஏற்றி ஒட்ட அரை நிமிடம். லேபிள் பைக்குள் இருக்கும், சிரிஞ்சில் முன்கூட்டியே ஒட்டியிருக்காது, அதனால் டியூட்டர் மேடம் சொன்ன விதியும் கெடாது. ஓ.டி.யில் கேஸ் தொடங்கும் முன் அட்ரோபின் ஏற்றி வைப்பது வேறு விஷயம். நேரம் எழுதி, அந்தக் கேஸ் முடிந்ததும் கொட்ட வேண்டும். அடுத்த நோயாளிக்கு அதையே வைத்துக்கொள்வது லேபிள் தவறு மட்டுமல்ல, தொற்றுப் பிரச்சினையும் கூட.

கிண்ணத்துக்கு: ஸ்டெரைல் மார்க்கரும் வெற்று ஸ்டிக்கரும் சேர்த்துப் பேக் செய்து இ.டி.ஓ.வில் (எத்திலீன் ஆக்சைடு வாயுவில்) ஸ்டெரைல் பண்ணிக்கொள்ளலாம். ஆட்டோக்ளேவ் ஆனால் சாதாரண ஸ்டிக்கரின் பசை உருகும். அதுவும் இல்லையென்றால் டிராலியில் கிண்ணம் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள், ஊசி போடும் மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஸ்க்ரப் சிஸ்டர் ஆம்பூலிலிருந்து நேரடியாகச் சிரிஞ்சில் உறிஞ்சட்டும், வெளியில் நிற்பவர் ஆம்பூலைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளட்டும். தோல் துடைக்கும் திரவக் கிண்ணத்தைத் துடைத்து முடித்ததும், ஊசி மருந்து டிராலிக்கு வரும் முன்பே அகற்றிவிடுங்கள். 2004-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே கான்ட்ராஸ்ட் என்று நினைத்து, லேபிள் இல்லாத கிண்ணத்திலிருந்த குளோர்ஹெக்சிடினை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். நோயாளி இறந்துவிட்டார். இரண்டும் தெளிந்த திரவம்.


வாலாஜா மருந்தாளுநர்

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், என்.ஏ.பி.ஹெச். ஆட்கள் வரும் முன் ஓ.டி. அலமாரிகளைத் திறந்து பாருங்கள். காலி சலைன் பாட்டிலில் ஸ்பிரிட், ஃபார்மலின், காய்ச்சிய தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றே எடுத்தெறியுங்கள். பயாப்ஸிக்கு வைத்த ஃபார்மலின் சலைன் லேபிளோடு இருப்பதைவிட மோசமான லேபிள் தவறு கிடையாது. மேலே ஒரு காகிதம் ஒட்டினால் போதும் என்பார்கள். போதாது. அகலவாய் டப்பா வாங்குங்கள், ட்ரிப்ஸ் செட் குத்த முடியாத மாதிரி.

தவறு நடந்தாலோ, நடக்கவிருந்து தப்பினாலோ எழுதி வைக்க ஒரு நோட்டு போடுங்கள், பெயர் எழுதக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆம்பூல் தோற்றமே காரணம் என்றால் இரண்டு ஆம்பூலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். மருந்தால் பாதிப்பு ஏற்பட்டிருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லலாம். வாங்கும் கம்பெனி மாறும்போதெல்லாம் புதிய ஆம்பூலை ஓ.டி.க்குள் விடும் முன், அங்கே ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி மாறியதும் ஆம்பூலின் முகமும் மாறியிருக்கும், நேற்றுவரை வித்தியாசமாக இருந்த இரண்டு மருந்து இன்று ஒன்றுபோல் நிற்கும். ஒத்துப்போனால் வேறு கம்பெனி கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஒன்றை வேறு அலமாரிக்கு மாற்றி, மாற்றிய இடத்தை மூன்று ஷிஃப்டுக்கும் ஹேண்ட்ஓவர் நோட்டில் எழுதிவிடுங்கள்.